சாய்ந்து கிடந்த அறுபது மீட்டர்

போன மாதம், இப்போது நம் ஆபீசிலிருந்து நிலம் அளக்கப் போகிற உங்களில் ஒருவர் கீழக்குயில்குடியிலிருந்து எனக்குப் போன் செய்தார். யார் என்று சொல்ல மாட்டேன். படிக்கும்போது அவருக்கே தெரியும்.

"அக்கா, இங்க ஒரு அம்மா அளக்குற மிஷின வைக்கவே விட மாட்டேங்குது. சாய்வுத் தூரத்த எழுதப் போறியா, மட்டத் தூரத்த எழுதப் போறியானு கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"மிஷின் தப்பாக் காட்டாதும்மானு சொன்னேன். அதுக்குச் சிரிக்குதுக்கா. யாருக்கா இந்தம்மா, இன்ஜினியரா?"

இன்ஜினியர் இல்லை, கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறவர் என்றேன். அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல், அப்புறம் அளக்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வேலையிலிருந்து நின்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் அந்தச் சிரிப்பு போனுக்குள்ளிருந்து வந்து என்னை எழுப்பி நடக்கவிட்டது. அந்தம்மா யார் என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் இதுதான். எல்லோரும் படியுங்கள்.

நான் சர்வே படித்தவள் இல்லை. அது உங்களில் பலருக்குத் தெரியாது. சிம்மக்கல்லில் ஒரு மாடியில் இருந்த சின்ன சர்வே ஆபீசில் வரைபடம் நகல் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். கை சுத்தம், கோடு நேராக விழும், அதுதான் தகுதி. பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ். நிலத்துக்குப் போய் அளக்கிறவர் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, நாற்பது வயதைத் தாண்டிய என்னைப் பார்த்து முதலாளி, "படம் வரையத் தெரிஞ்சவளுக்கு அளக்கத் தெரியாதா? போயிட்டு வாம்மா" என்றார். நானும் போய்விட்டேன். இப்போது நினைத்தால் அந்தத் தைரியத்தை நினைத்துப் பயமாக இருக்கிறது.

முதல் வேலை திருவாதவூரில் ஒரு வயல். நாலு பக்கத்தையும் டேப் பிடித்து அளந்து, நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு, ராணி மாதிரி ஆபீசுக்கு வந்தேன். வரைய உட்கார்ந்தால் வரைய முடியவில்லை. முதல் பக்கத்தைப் போட்டேன். இரண்டாவது பக்கத்தை எந்தச் சரிவில் போடுவது? இப்படிப் போட்டால் ஒரு வயல் வருகிறது, கொஞ்சம் சாய்த்துப் போட்டால் வேறொரு வயல் வருகிறது. அளவு நாலும் சரியாகத்தான் இருக்கிறது. மத்தியானம் வரை அழித்து அழித்துக் காகிதமே ஓட்டையாகிவிட்டது.

முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சியை உருவினார். நாலு முனையையும் நூலால் கட்டி என் மேஜையில் வைத்து, ஒரு மூலையை விரலால் தள்ளினார். சதுரமாக இருந்தது சரிந்து படுத்தது. இன்னும் தள்ளினார், இன்னும் படுத்தது.

"இதுல எதும்மா அந்த வயலு?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். குறுக்கே ஒரு குச்சி வைத்துக் கட்டினால் அது அசையாது என்பதை நானே கட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மூலைவிட்டத்தை அளக்க மறுநாள் திரும்பவும் திருவாதவூருக்குப் பஸ் ஏறினேன். வயல்காரர், "என்னம்மா, நேத்து அளந்தது இன்னைக்கு மாறிருச்சா?" என்று கேட்டார். நெருஞ்சி முள் தைத்து ஒடிந்த மாதிரி அந்தக் கேள்வி உள்ளேயே நின்றுவிட்டது.

அந்த வாரமே பழைய புத்தகக் கடைக்குப் போய் ஒன்பது, பத்து வகுப்புக் கணக்குப் புத்தகங்களைக் கேட்டேன். கடைக்காரர், "பிள்ளைக்கு எந்த ஸ்கூலும்மா?" என்றார். எனக்குப் பிள்ளை கிடையாது. ஏதோ ஒரு ஸ்கூலைச் சொல்லிவிட்டு, ஒரு ஜாமெட்ரி பாக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தேன். டவுன் பஸ்ஸில் வாரப் பத்திரிகைக்குள் வைத்து மறைத்துப் படிப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் தொடர்கதை படிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் மாதம் முழுக்க மனப்பாடம் செய்தேன். தேற்றம் ஒன்று, தேற்றம் இரண்டு, நிரூபணம், எல்லாம் ஒப்பித்தேன். பரீட்சை வைக்க யாரும் வரப்போவதில்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அட மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். இந்த முறை என் கையால் வரைந்து பார்க்காத ஒரு வரியையும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் ஒரு நேர்கோடு என்று புத்தகம் சொன்னது. ஆபீஸ் குப்பைக் காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலையையும் கிழித்து ஒட்டவைத்துப் பார்த்தேன். முப்பது முக்கோணமாவது கிழித்திருப்பேன், ஒன்றாவது ஏமாற்றாதா என்று. ஒன்றும் ஏமாற்றவில்லை.

அப்புறம் சைன், காஸ், டேன். பெயரைக் கேட்டாலே பள்ளிக்கூடத்து வயிற்றுவலி திரும்ப வந்தது. செங்கோண முக்கோணத்தில் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தால் வகுத்தால் வருகிற எண்ணுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. புரிந்த பிறகு வெறி பிடித்துவிட்டது. சுவரில் சாய்ந்த ஏணி, கோபுர நிழல், பட்டம், கலங்கரை விளக்கம் என்று எல்லாக் கணக்கையும் போட்டேன். ஏணிக் கணக்கை மட்டும் பதினோரு தடவை போட்டு, பதினோரு தடவையும் எனக்கு நானே சிவப்புப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழக்குயில்குடிக்குப் போன வாரத்தில் என் பைக்குள் அந்த நோட்டு இருந்தது.

அங்கே மலையடிவாரத்தில் ஒரே நிலம், இரண்டு பாகம். மேல் பாகம் பேச்சியம்மாளுடையது. போனில் சிரித்த அதே அம்மாதான். அவருடைய வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். கீழ்ப் பாகம் அவருடைய கொழுந்தனுடையது. மலைப்பக்கக் கல்லிலிருந்து அறுபது மீட்டர் வரை மேல் பாகம் என்று பாகப்பிரிவினைப் படத்தில் இருந்தது. நடுவில் இருந்த எல்லைக்கல்லை யாரோ எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். கொழுந்தன் அந்த இடத்தில் காம்பவுண்டு சுவர் கட்டப் போகிறார். எல்லையைக் காட்டச் சொல்லி அவர்தான் எங்களைக் கூப்பிட்டார். எல்லைக்குப் பக்கத்தில் மேலே பேச்சியம்மாளின் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருந்தது. இரண்டு இடத்தில் போட்டுப் புழுதிப் புகை மட்டும் வந்து, மூன்றாவதாகப் போட்ட இடத்தில் தண்ணீர் வந்த போர் அது. கொய்யாவுக்கும் வீட்டுக்கும் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை அளந்தேன். எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. டேப் தொங்கக் கூடாது, தொங்கினால் அளவு தப்பும், ஆகவே தரையைத் தொட்டுக் கிடக்க வேண்டும். மதுரையைச் சுற்றி நாங்கள் அளந்ததெல்லாம் தட்டு மாதிரி வயல்களும் பிளாட்டுகளும்தான். அங்கே அது நல்ல பழக்கம். டேப் பிடிக்க வந்த அண்ணன், "ஏக்கா, இங்க சரிவா இருக்கே, இப்படியே கிடத்தவா?" என்று கேட்கவும் செய்தார்.

"கிடத்துங்கண்ணே. தொங்குனா தப்பாயிரும்" என்றேன்.

இறங்கும்போது எனக்குச் செருப்பு இரண்டு தடவை வழுக்கியது. காலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அறுபது மீட்டரில் குச்சி அடித்தேன். குச்சி போருக்கு மேல்பக்கம் மூன்றடியில் நின்றது. அதாவது போர் கொழுந்தனுடைய பாகத்தில் இருந்தது.

பேச்சியம்மாள் குச்சியையும் போரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாயி, திரும்ப ஒருக்க அள" என்றார். அளந்தேன். அதே இடம். "இன்னொருக்க." அளந்தேன். குச்சி ஒரு விரல்கூட நகரவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது, என்ன சுத்தமாக அளக்கிறோம் என்று.

"எங்க மாமனார் இருக்கையில அளந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் பாத்துத்தான் போர் போட்டோம். இப்ப மலை நகந்துருச்சா, போர் நடந்துருச்சா? ரெண்டுல ஒன்னச் சொல்லு" என்றார்.

அந்தக் கேள்வி சரியான கேள்வி என்று எனக்குள் ஏதோ சொன்னது. பக்கத்தில் கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், டேப் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் நிமிர்ந்து, "டேப் பொய் சொல்லாதும்மா" என்று சொன்னேன். படத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டப் போகிறோம் என்று கொழுந்தன் சொன்னார்.

சனி, ஞாயிறு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். மூன்று தடவை அளந்தது மூன்றும் ஒன்று. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் கூடியது. மூன்று தடவை ஒரே மாதிரி செய்தால் தப்பும் மூன்று தடவை ஒரே மாதிரிதான் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஒரு மொத்தக் கடை வாசலில் லாரியிலிருந்து எண்ணெய் டிரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரித் தட்டிலிருந்து தரைக்கு நீளமாக ஒரு பலகையைச் சாய்த்திருந்தார்கள். அதன் கீழ் முனை கடைப் படிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது. வேலை முடிந்து பலகையை எடுத்து அதே இடத்தில் தரையில் போட்டார்கள். இப்போது அது படியில் இடித்துக்கொண்டு கிடந்தது. ஒருவர், "தள்ளிப் போடுப்பா, படிய இடிக்குது" என்றார்.

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சாய்ந்திருக்கும்போது அந்தப் பலகை பிடித்த தரை குறைவு. படுத்திருக்கும்போது பிடித்த தரை அதிகம். பதினோரு தடவை டிக் போட்ட ஏணி அதுதான். என்னுடைய டேப்பும் அதுதான். படம் என்பது மேலேயிருந்து பார்த்து வரைந்தது. அதில் உள்ள அறுபது மீட்டர் படுத்துக் கிடக்கிற அறுபது மீட்டர். நான் சாய்ந்து கிடந்த அறுபது மீட்டரை அளந்து, ஒரு பொம்பளையின் தண்ணீரை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கொழுந்தனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாடிக்கு ஓடி முதலாளியிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், நான் மலையடிவாரத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோதே சொல்லியிருக்க வேண்டும். அதை நினைத்துத்தான் துடைத்தார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

"எம்புட்டுத் தப்பு?" என்றார்.

"தெரியாது சார். சரிவு எம்புட்டுனு பாக்காம வந்துட்டேன்."

"தெரியாமப் போயி அங்க என்னனு சொல்லுவ?"

"தெரியலனுதான் சொல்லணும்."

"கையெழுத்துப் போட்ட படம் அவன் கையில இருக்கு. அந்த ஆளு லேசுல விட மாட்டான். ஆபீஸ் பேரு சந்தி சிரிக்கும். யோசிச்சுக்க."

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் என்னுடைய பொறுமையின்மை எனக்கு உதவியது. ஆட்டோவில் ஏறி, போகிற வழியெல்லாம் சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க என்று அந்த டிரைவரின் உயிரை எடுத்தேன்.

போனபோது போருக்கு மேல்பக்கம் முதல் குழி முழங்கால் ஆழம் தோண்டியாகிவிட்டது. பேச்சியம்மாள் மோட்டார் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை, அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"வேலைய நிப்பாட்டுங்க. நான் அளந்தது தப்பு" என்றேன்.

கொழுந்தன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மூணு தடவ அளந்த. அப்பச் சரி, இப்பத் தப்பா? எங்க மதினி உன்னய வந்து பாத்துச்சோ?"

"யாரும் பாக்கல. எம்புட்டுத் தப்புனு எனக்கே இன்னும் தெரியாது. உங்க முன்னாடியே அளந்து காட்டுறேன். அரைமணி நேரம் கொடுங்க."

சைன், காஸ் என்று அங்கே பேசினால் மண்வெட்டியைத் தூக்கியிருப்பார்கள். கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப் இருந்தது. அதைக் கேட்டேன். மேலே ஒரு குச்சி, படுக்கைவாக்கில் சரியாக நாலு மீட்டர் தள்ளிக் கீழே ஒரு குச்சி. டியூபில் தண்ணீர் நின்ற மட்டத்தைக் கீழ்க் குச்சியில் குறித்தோம். மேலே தரையாக இருந்த மட்டம் கீழ்க் குச்சியில் ஒரு மீட்டர் உயரத்தில் நின்றது. நாலுக்கு ஒன்று சரிவு. அப்புறம் டேப்பைத் தரையோடு கிடத்தி அதே இரண்டு குச்சிக்கும் நடுவில் அளந்தோம். நாலு மீட்டர் பன்னிரண்டு சென்டி.

கொத்தனார் தலையை ஆட்டினார். "ஆமாண்ணே. மாடிப்படி போடுறப்பவும் இப்படித்தான் வரும்."

"இந்த அரைச் சாணுக்கா வேலைய நிப்பாட்டுன?" என்றார் கொழுந்தன்.

"அரைச் சாண் பதினஞ்சு தடவ வருது. அறுபது மீட்டருக்குப் பதினஞ்சு நாலு" என்றேன். சொல்லும்போதே மனசுக்குள் பெருக்கிவிட்டேன். ஏறக்குறைய ஆறடி.

அந்தக் கணக்கை யாரும் நம்ப வேண்டாம் என்று, மலைப்பக்கக் கல்லிலிருந்து திரும்ப ஆரம்பித்தோம். டேப்பைத் தரையிலிருந்து தூக்கி, இழுத்துப் பிடித்து, டியூப் வைத்து மட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டு, நாலு நாலு மீட்டராகப் படி இறங்குவது போல இறங்கினோம். கொழுந்தன் ஒவ்வொரு குச்சியிலும் குனிந்து பார்த்தார். பதினைந்தாவது குச்சி போரைத் தாண்டிக் கீழே மூன்றடியில் விழுந்தது. கொத்தனார் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப முன்னாடி அளந்தது?" என்றார் கொழுந்தன்.

"என் தப்பு. டேப் மேல தப்பில்ல, நிலத்து மேல தப்பில்ல."

"எழுதிக் கொடு."

படத்தின் பின்பக்கம் எழுதினேன். சரிவைக் கணக்கில் எடுக்காமல் நான் அளந்தது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நகல் எடுத்துப் பழகிய கைக்கு எழுத்துக் கோணியது. அந்தக் காகிதத்தை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்கு ரொம்ப நாள் யாரும் வேலை கொடுக்கவில்லை. ஆனால் சுவரைப் புதிய குச்சியில்தான் கட்டினார். அடுத்த நாள் முதலாளி என் மேஜையில் ஒரு தண்ணீர் டியூபைச் சுருட்டி வைத்திருந்தார்.

பேச்சியம்மாள் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், எதிர்பார்த்தேன். அவர் மோட்டார் பெட்டியிலிருந்து இறங்கி வந்து, அந்த நாலு மீட்டர் குச்சிகளைக் காட்டி, "இது எப்படினு எனக்குச் சொல்லு" என்றார். சொன்னேன். மண்ணில் முக்கோணம் போட்டுக் காட்டினேன். சாய்ந்த பக்கம் எப்போதும் நீளம், படத்தில் இருப்பது படுத்த பக்கம் என்றேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் மாதக்கணக்கில் முட்டிமோதியதை அவர் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். அவருடைய போர் அல்லவா அதில் இருந்தது.

அப்புறம்தான் கேட்டார்.

"அன்னைக்கு நான் கேட்டேன்ல, மலை நகந்துச்சா, போர் நடந்துச்சானு. அப்ப உனக்கு இது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரியலனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னொரு ஆள வச்சுப் பாத்திருப்பேன். டேப் பொய் சொல்லாதுனுட்டுப் போயிட்ட. மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல தாயி."

நான் குனிந்து அந்த இரண்டு குச்சிகளையும் பிடுங்கினேன்.

உங்கள் மிஷின் நல்ல மிஷின். சாய்வுத் தூரம், மட்டத் தூரம் இரண்டையும் காட்டும். எதை எழுதுவது என்று அது சொல்லாது. வீட்டுக்குப் போய் முக்கோணம் வெட்டிக் கிழித்துப் பாருங்கள், ஏணிக் கணக்கு போடுங்கள், வயதாகிவிட்டது என்று சாக்குச் சொல்லாதீர்கள். எல்லாம் போட்ட பிறகும் ஒரு நாள் ஒரு நிலத்தில் ஒருவர் கேட்பது உங்களுக்குப் புரியாது. பேச்சியம்மாள் இப்போது மேல் பாகத்தில் மகளுக்கு வீடு கட்ட இடம் பிரிக்கிறார், நீங்கள் இன்னும் இரண்டு மூன்று தடவை அங்கே போக வேண்டியிருக்கும். அவர் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று அந்த இடத்திலேயே, அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்தம்மா மத்தியானம் சாப்பிட வேண்டும்.